அடுத்த வாரமும் சிரிக்க வைக்க வேண்டுமே: சிட்காம்கள் தம் மனிதர்களை இழக்கும் விதம்

வாராவாரம் வரும் நகைச்சுவைத் தொடர் தன் பார்வையாளருக்கு ஒரு வாக்குறுதியைத் தந்துவிட்டுத்தான் தொடங்குகிறது. இன்று எவ்வளவு பெரிய சண்டை மூண்டாலும், யாருக்கு வேலை போனாலும், யார் யாரோடு முறுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாலும், அடுத்த வாரம் அதே அறையில், அதே சோபாவில், அதே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதே அது. ஒரு சிட்காமைப் பத்து ஆண்டுகள் விடாமல் பார்ப்பவர் கதைக்காகப் பார்ப்பதில்லை. அந்த அறைக்குள் மறுபடி நுழைவதற்காகப் பார்க்கிறார். சாவு ஒன்றுதான் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும். மற்ற தொடர்களில் ஒருவர் இறந்தால் கதை அடுத்த கட்டத்துக்கு நகரும். சிட்காமில் ஒருவர் இறந்தால் அறையில் ஓர் இடம் காலியாகும். தொடருக்கோ அந்த அறையை விட்டால் போக்கிடம் இல்லை.

கடந்த சில வாரங்களாக அமெரிக்க, பிரிட்டிஷ் சிட்காம்களில் இப்படி இடம் காலியான எபிசோடுகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். முதலில் மரண எபிசோடுகளை மட்டும் பார்த்தேன். நான்கைந்து பார்த்து முடித்ததும், இந்த வகையை மதிப்பிட அது போதாது என்று தோன்றியது. மரண எபிசோடைச் சுமாராக எழுதினாலும் அழுகை வந்துவிடும். நடிகர்கள் உண்மையாகவே துக்கத்தில் இருப்பார்கள், பார்ப்பவர்களும் அழத் தயாராகவே உட்கார்ந்திருப்பார்கள். கை தேர்ந்தவர் யார் என்பது அதற்கடுத்த எபிசோடுகளில்தான் தெரிகிறது. மறுபடி சிரிக்க வைக்க வேண்டும், இறந்தவரை மறந்துவிட்டதாகவும் தெரியக் கூடாது. ஆகவே அடுத்தடுத்து வந்த எபிசோடுகளையும் சேர்த்துப் பார்த்தேன். கீழே உள்ள மதிப்பீடு அந்த அளவுகோலில் எழுதப்பட்டது. கதையின் முடிவுகள் ஒளிவுமறைவின்றி வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் முதலில் சொல்வது 'மாஷ்' தொடரைத்தான். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். கொரியப் போர்முனையில் இயங்கும் ஒரு ராணுவ மருத்துவமனையின் கதை. மூன்றே ஆண்டுகள் நடந்த போரை 1972 முதல் 1983 வரை 11 சீசன்களுக்கு நீட்டினார்கள் என்ற கிண்டல் இன்றும் உண்டு. அதன் தளபதி ஹென்றி பிளேக் கண்டிப்புக் காட்டத் தெரியாத, கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காத, எல்லோருக்கும் பிரியமான மனிதர். அந்தப் பாத்திரத்தில் நடித்த மக்லீன் ஸ்டீவன்சன் தனக்கென்று ஒரு தொடர் வேண்டும் என்று விலக முடிவெடுத்தபோது, ஹென்றிக்குப் பணியிலிருந்து விடுவிப்பு கிடைத்து வீட்டுக்குப் புறப்படுவதாக எழுதினார்கள். 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான அந்த எபிசோடின் பெயர் 'அபிசீனியா, ஹென்றி'. 'அப்புறம் பார்ப்போம்' என்பதை ஆங்கிலத்தில் வாய்க்குள் மென்று சொன்னால் அபிசீனியா என்று கேட்கும். அந்தக் காலத்து வேடிக்கைப் பேச்சு அது.

எபிசோடில் பெரும்பகுதி பிரிவு உபசாரம்தான். குடிக்கிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், ஹெலிகாப்டர் வருகிறது. ஏறப் போன ஹென்றி, சற்றுத் தள்ளி நின்று சல்யூட் அடிக்கும் எழுத்தர் ரேடாரைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறார். எபிசோடு அங்கேயே முடிந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இன்னொரு காட்சி இருக்கிறது. அறுவை சிகிச்சைக் கூடத்துக்குள் ரேடார் வருகிறான். முகத்தில் துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு மருத்துவர் வழக்கம்போல் அவனை அதட்டுகிறார். அவன் கையிலிருக்கும் தாளை வாசிக்கிறான்: ஹென்றி பிளேக் பயணம் செய்த விமானம் ஜப்பான் கடல் மீது சுட்டு வீழ்த்தப்பட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை. யாரும் கையை நிறுத்துவதில்லை, ஏனென்றால் மேசைமேல் நோயாளிகள் கிடக்கிறார்கள். எங்கோ ஒரு கருவி கீழே விழும் சத்தம் கேட்கிறது. எழுத்தாளர் லாரி கெல்பார்ட் இந்தக் கடைசிப் பக்கத்தைப் பெரும்பாலான நடிகர்களிடம் காட்டாமல் வைத்திருந்து, மற்ற எல்லாக் காட்சிகளும் முடிந்த பிறகே கையில் கொடுத்தார். முதல் டேக்கில் ஏதோ கோளாறு நேர்ந்ததால் அந்தக் காட்சியை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. கருவி விழுந்தது இரண்டாவது முறையில்தான்.

இந்தக் காட்சியின் பலத்துக்குப் பலரும் கவனிக்காத ஒரு காரணம் உண்டு. 'மாஷ்' தொடரில் பின்னணிச் சிரிப்பொலி உண்டு என்றாலும், அறுவை சிகிச்சைக் கூடத்தில் மட்டும் அது ஒலிக்காது. தயாரிப்பாளர்கள் தொலைக்காட்சி நிறுவனத்தோடு போராடிப் பெற்ற சலுகை அது. மூன்று சீசன்களாக அந்தக் கூடம் சிரிப்பில்லாத இடமாகவே பார்வையாளரின் காதுக்குப் பழகியிருந்தது. ரேடார் உள்ளே நுழையும்போது நிலவும் அமைதி புதிதாக வரவழைத்த அமைதி அல்ல, ஏற்கெனவே அங்கு குடியிருந்தது. டிவிடி வைத்திருப்பவர்கள் சிரிப்பொலியை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பார்க்கலாம், அந்த வசதி அதில் உண்டு. ஆனால் இந்த ஓர் எபிசோடைச் சிரிப்பொலியோடு பார்க்கவே நான் பரிந்துரைப்பேன். கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் நின்றுபோனால்தான் அது நின்றது தெரியும்.

நான் பார்த்த ஓடிடி சேவையைப் பற்றி இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ரேடார் வாசித்து முடித்ததும் திரை இருண்டது; மூலையில் 'அடுத்த எபிசோடு' என்ற பொத்தான் முளைத்து, ஐந்து, நான்கு என்று எண்ணத் தொடங்கியது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் நான்காவது சீசன் தொடங்கிவிட்டது. இதில் போனது வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. அந்தக் காட்சிக்குப் பிறகு, பழைய எபிசோடுகளிலிருந்து ஹென்றி சிரிக்கும், தடுமாறும், அசடு வழியும் துணுக்குகளைக் கோத்துக் காட்டித்தான் எபிசோடை முடிக்கிறார்கள். அடிபட்டு உட்கார்ந்திருக்கும் பார்வையாளரை எழுப்பி வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே வைத்த முடிவு அது. தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இந்தப் பட்டியலில் உள்ள எந்தத் தொடரைப் பார்ப்பதாக இருந்தாலும் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் என்ற அளவுகோலில் 'மாஷ்' எப்படி? அதே இடைவெளியில் இன்னொருவரும் விலகியிருந்தார். கதாநாயகனான மருத்துவர் ஹாக்கையின் உற்ற தோழன் ட்ராப்பர் ஜானாக நடித்த வேன் ரோஜர்ஸ் தொடரைவிட்டுப் போய்விட, விடைபெறும் காட்சிகூட எடுக்க முடியவில்லை. இந்தக் குறையையே எழுத்தாளர்கள் கதையாக்கினார்கள்: டோக்கியோவில் விடுமுறையைக் கழித்துத் திரும்பும் ஹாக்கை, நண்பன் ஊருக்குப் புறப்பட்டுவிட்டதை அறிந்து விமான நிலையத்துக்கு விரைகிறான், சில நிமிடங்களில் தவறவிடுகிறான். இறந்துபோன ஹென்றிக்கு முழு விடைபெறல் கிடைத்தது, உயிரோடு போன ட்ராப்பருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஹென்றியின் நாற்காலிக்கு வந்த கர்னல் பாட்டரை அவருடைய நகலாக எழுதவில்லை என்பதும் முக்கியம். ஹென்றி குழப்பக்காரர், பாட்டர் அனுபவம் முதிர்ந்த ராணுவக்காரர். மாற்றாள் எதிர்த்திசையில் இருக்கும்போது பழையவர் இல்லாமை தினமும் நினைவுக்கு வருகிறது. எபிசோடு வெளியானபோது கண்டனக் கடிதங்கள் குவிந்தன. குவியத்தான் செய்யும், வாக்குறுதியை மீறியது உண்மைதானே.

பிரிட்டனின் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' சந்தித்தது வேறு வகைச் சிக்கல். டெல், ராட்னி என்ற இரு சகோதரர்களும் அவர்களுடைய தாத்தாவும் ஒரே குடியிருப்பில் வாழும் கதை அது. தாத்தாவாக நடித்த லெனர்ட் பியர்ஸ், நான்காவது சீசனின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1984 டிசம்பரில் காலமானார். எழுத்தாளர் ஜான் சல்லிவன் தாத்தாவை ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி நழுவவில்லை. 1985 பிப்ரவரி 28 அன்று, நடிகர் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், தாத்தாவின் அடக்கத்தோடு தொடங்கும் எபிசோடு ஒளிபரப்பானது.

அதில் ஒரு தொப்பி வருகிறது. தாத்தா எப்போதும் தொப்பியோடு திரிந்தவர் என்பதால், சகோதரர்கள் கண்ணீரோடு அவருடைய தொப்பியை எடுத்துக் குழிக்குள் போடுகிறார்கள். மண் தள்ளப்படுகிறது. அதன் பிறகுதான், தன் தொப்பியைக் காணோமே என்று பாதிரியார் தேடத் தொடங்குகிறார். இந்த நகைச்சுவை அமைந்திருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அழுகைக்கும் சிரிப்புக்கும் ஒரே பொருள்தான் காரணம். முதல் பாதி பொய்யாக இருந்தால் இரண்டாம் பாதி வேலை செய்யாது. இறந்தவரைப் பற்றிய நகைச்சுவையாகவும் அது இல்லை. துக்கத்தில் கண் தெரியாமல் போனவர்களைப் பற்றியது. துக்க வீட்டில் சிரிப்பு வருமே, அது எப்போதும் இப்படித்தான் வருகிறது.

அந்த எபிசோடு அதோடு நிற்காததால்தான் இதை மிக உயர்வாக வைக்கிறேன். டெல் அடக்கம் முடிந்த கையோடு மதுக்கடையில் கூத்தடிப்பதைப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாயா என்று ராட்னி வெடிக்கிறான். தனக்குத் துக்கம் காக்கக்கூடத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பவன் என்ற பெயரை எடுத்துவிட்ட பிறகு வேறு எப்படியும் இருக்கத் தெரியவில்லை என்ற பொருளில் டெல் பதில் சொல்கிறான். கேள்வி கேட்பது ராட்னி. ஆனால் அது பார்வையாளரின் கேள்வி. அடுத்த வாரம் எப்படிச் சிரிப்பீர்கள் என்பதைத் தொடருக்குள்ளேயே ஒருவரைக் கேட்கவிட்டு, பதில் சொல்லிவிட்டுத்தான் சிரிக்கத் தொடங்குகிறார்கள். தாத்தாவின் சகோதரராக அடக்கத்துக்கு வந்து, உறவினர்களால் கைவிடப்பட்டு, வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் ஆல்பர்ட் மாமாவும் அந்த எபிசோடிலேயே அறிமுகமாகிறார். அந்த வேடமேற்ற பஸ்டர் மெரிஃபீல்டும் 1999-இல் மறைந்தார். 2001-இல் வந்த சிறப்பு எபிசோடில் ஆல்பர்ட்டின் அடக்கத்துக்குப் போன சகோதரர்கள், வேறு யாரோ ஓர் ஆல்பர்ட்டின் அடக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார்கள். தொப்பிக் காட்சியின் தம்பி என்று சொல்லலாம், ஆனால் அண்ணனின் கூர்மை அதில் இல்லை.

நடிகர் இறந்தால் தொடர் துக்கம் காக்கிறது. நடிகரோடு சண்டை வந்தால் பாத்திரத்தைக் கொன்றுவிடுகிறது. இந்த இரண்டாம் வகை சுவையற்றது என்றாலும் கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. 'வேலரி' என்று கதாநாயகியின் பெயரிலேயே வந்துகொண்டிருந்த தொடர், 1987-இல் வேலரி ஹார்ப்பரோடு தகராறு வந்ததும் அந்தத் தாயைக் கார் விபத்தில் கொன்றுவிட்டு, தலைப்பையும் மாற்றிக்கொண்டு ஓடியது. ஹார்ப்பர் வழக்குத் தொடுத்து வென்றார். 'குட் டைம்ஸ்' தொடரிலும் இதே கதைதான்: எழுத்தின் தரத்தைப் பற்றி ஓயாமல் கேள்வி எழுப்பிய ஜான் ஏமோஸை நீக்கிவிட்டு, அவர் நடித்த ஜேம்ஸ் எவன்ஸ் மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்ததாக 1976-இல் எழுதினார்கள். முடிவு அலுவலக அறையில் பழிவாங்கலாகப் பிறந்தது. ஆனால் திரைக்கு வரும்போது அதை ஜேம்ஸின் மனைவி ஃப்ளோரிடாவாக நடித்த எஸ்தர் ரோல் காப்பாற்றிவிடுகிறார். கணவனின் அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பரிமாறிக்கொண்டிருக்கும் ஃப்ளோரிடா, எல்லோரும் போன பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையில் ஓங்கி அடித்து, ஒரே வசைச்சொல்லை மூன்று முறை கத்துகிறாள். அந்தக் கிண்ணம் உடையும் வரை நான் ஒரு பணிநீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்த பிறகு ஒரு விதவையைப் பார்த்தேன். அதற்கடுத்த எபிசோடுகள் அந்த உயரத்தில் நிற்கவில்லை. தந்தை இல்லாத வீட்டில் மூத்த மகனின் கோமாளித்தனம் மேலும் பெருத்தது, ஏமோஸ் குறை சொன்னது எதைப் பற்றியோ அதுவே.

பழிவாங்கல் பழிவாங்கலாகவே திரையிலும் நின்றுபோனதற்கு 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' போதும். தயாரிப்பாளரோடு மோதிய நாயகன் சார்லி ஷீன் 2011 மார்ச்சில் நீக்கப்பட்டார். செப்டம்பரில் ஒன்பதாவது சீசன் அவருடைய பாத்திரமான சார்லியின் அடக்கத்தோடு தொடங்கியது. பாரிஸில் மெட்ரோ ரயில் முன் விழுந்து இறந்ததாகச் செய்தி. முன்னாள் காதலிகள் வரிசையாக உட்கார்ந்து இறந்தவரை ஏசுகிறார்கள். அன்று 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், ஆனால் அவர்களில் ஒருவரையாவது அழவைக்கத் தொடர் முயலவில்லை. எட்டு ஆண்டுகள் ஒருவனை ரசிக்கச் சொல்லிவிட்டு, அவனை ரசித்ததற்காக நம்மைக் கேலி செய்வதுபோல் இருக்கிறது. கடைசி எபிசோடில் சார்லி உயிரோடு வருவதுபோல் காட்டி, முகம் தெரியாத ஒருவர் வாசல் மணியை அடிக்கும்போது மேலிருந்து பியானோவைப் போட்டு நசுக்கினார்கள். தயாரிப்பாளர் சக் லோர் மீதும் ஒரு பியானோ விழுகிறது என்பதால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தார்கள் போலும்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. அந்தப் பியானோ விழுந்த அதே இரவில், 2015 பிப்ரவரி 19 அன்று, அதே தொலைக்காட்சியில், அதே லோரின் இன்னொரு தொடரான 'தி பிக் பேங் தியரி' ஒரு மரணத்தை மிகுந்த மரியாதையோடு கையாண்டது. நாயகர்களில் ஒருவனான ஹோவர்டின் தாய் அத்தொடரில் முகம் காட்டியதே இல்லை என்று சொல்லிவிடலாம். அடுத்த அறையிலிருந்து கேட்கும் கட்டைக் குரல்தான் அவள். குரல் கொடுத்த கேரல் ஆன் சூசி 2014 நவம்பரில் காலமானார். முகமில்லாத ஒருவரின் இல்லாமையை எப்படிக் காட்டுவது? ஒரு தொலைபேசி அழைப்பில் செய்தி வருகிறது, ஹோவர்டின் முகம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு வந்த எபிசோடு அதைவிட மேலானது. தாயின் வீட்டில் மின்சாரம் போய், உறைபெட்டியில் அவள் சமைத்து வைத்திருந்த உணவெல்லாம் உருகத் தொடங்குகிறது. அவள் கையால் சமைத்தது இனி இல்லை. இது கெட்டுப்போனால் அதோடு முடிந்தது. நண்பர்கள் எல்லோரும் கூடி அதைச் சூடாக்கிச் சாப்பிடுகிறார்கள். படப்பிடிப்புத் தளத்தில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் சூசியின் சிறிய படம் ஒன்றை ஒட்டி, தொடர் முடியும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். பார்வையாளர்களில் பலருக்கு அது கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

பொருளைப் பிடித்துக்கொண்டு துக்கத்தைச் சொல்லும் வழக்கத்தில் மூத்தது, 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரின் தொடர்ச்சியான 'ஆர்ச்சி பங்கர்ஸ் பிளேஸ்' காட்டிய செருப்பு. ஆர்ச்சியின் மனைவி ஈடித்தாக நடித்த ஜீன் ஸ்டேபிள்டன் போதும் என்று ஒதுங்கிய பிறகும் அந்தப் பாத்திரத்தைக் கொல்லப் படைப்பாளர் நார்மன் லியருக்கு மனம் வரவில்லை. அவள் வெறும் கற்பனைதானே என்று ஸ்டேபிள்டனே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1980 நவம்பரில் ஒளிபரப்பான எபிசோடில் ஈடித் பக்கவாதத்தில் இறந்து சில வாரங்கள் ஆகியிருக்கின்றன. ஆர்ச்சி அழுவதில்லை, காப்பீட்டுத் தாள்களில் கையெழுத்திட மறுக்கிறான், வீட்டாரிடம் எரிந்து விழுகிறான். பிறகு படுக்கையறையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கையில் அகப்படுகிறது. முதலில் போக வேண்டியவன் நான்தானே என்று அந்தச் செருப்பிடம் பேசுகிறான். காலமெல்லாம் மனைவியை வாயை மூடச் சொன்ன முரடன் என்பதால்தான் அந்தப் பேச்சு தாங்க முடியாததாக இருக்கிறது.

'8 சிம்பிள் ரூல்ஸ்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தந்தையாக நடித்த ஜான் ரிட்டர் 2003 செப்டம்பர் 11 அன்று, இரண்டாவது சீசனில் மூன்று எபிசோடுகளை மட்டுமே முடித்திருந்த நிலையில் இறந்தார். நவம்பரில் வந்த ஒரு மணி நேர எபிசோடைச் சிரிப்பொலி இல்லாமல் எடுத்தார்கள். கேட்டி சாகலும் பிள்ளைகளாக நடித்தவர்களும் நடிப்பதுபோலவே தெரியவில்லை. ஆனால் தகப்பனைச் சுற்றியே கட்டிய வீட்டில் அவர் இல்லாமல் என்ன செய்வது என்று தொடருக்குத் தெரியவில்லை. தாத்தாவாக ஜேம்ஸ் கார்னர் போன்ற பெரிய நடிகரைக் கொண்டுவந்தும் 2005-இல் நின்றுபோனது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

பிள்ளைகளின் தாயைத் தான் சந்தித்த கதையை ஒரு தந்தை அவர்களுக்குச் சொல்லும் 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' மீதுதான் எனக்கு உண்மையான வழக்கு இருக்கிறது, ஏனென்றால் இதே தொடர் ஒரு முறை மிகச் சரியாகவும் செய்திருக்கிறது. 2011 ஜனவரியில் வந்த எபிசோடில், காட்சிக்குக் காட்சி பின்னணிப் பொருட்களில் 50 முதல் 1 வரை எண்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன. மார்ஷலும் லில்லியும் குழந்தைப்பேறு குறித்த மருத்துவ முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். எண்கள் அதை நோக்கித்தான் போகின்றன என்று நினைக்கிறோம். டாக்சியிலிருந்து இறங்கும் லில்லி, மார்ஷலின் தந்தை இறந்துவிட்டதாகச் சொல்கிறாள். மார்ஷலாக நடித்த ஜேசன் சீகலுக்கு அந்த வசனம் என்ன என்று முன்கூட்டித் தெரியாது; அவர் முகத்தில் தெரிவது அப்போதுதான் கேட்டவரின் தடுமாற்றம். அடுத்த எபிசோடு இன்னும் நுட்பமானது: தந்தை தன்னிடம் கடைசியாகச் சொன்னது என்ன என்று தேடும் மார்ஷலுக்குத் தொலைபேசியில் ஒரு பதிவு கிடைக்கிறது. கேட்டால், பையிலிருந்தபடி தவறுதலாக அழுத்துப்பட்ட அழைப்பு. கரகரப்பைத் தவிர வேறு ஒன்றுமில்லை. வானத்தை நோக்கிக் கத்தித் தீர்த்த பிறகு பதிவின் முடிவில் தந்தையின் குரல் வருகிறது, சாதாரணமாக, மகனை நேசிப்பதாகச் சொல்கிறது.

இதை எழுதியவர்கள்தான் 2014 மார்ச் 31 அன்று, ஒன்பது ஆண்டுகள் நாம் காத்திருந்த அந்தத் தாயைச் சில வரி விவரிப்பில் சாகவிட்டார்கள். ஒரு சீசன் முழுவதையும் ஒரே வார இறுதியில் நடக்கும் இன்னொரு ஜோடியின் திருமணத்துக்குச் செலவழித்துவிட்டு, தாயாக நடித்த கிறிஸ்டின் மிலியோட்டியை நாம் விரும்பத் தொடங்கிய பிறகு, அவர் நோயுற்று இறந்ததாக ஒரு வாக்கியம், அப்பாவின் பழைய காதலியான அத்தை ராபினிடம் போங்கள் என்று பிள்ளைகளின் ஒரு சிரிப்பு. பிள்ளைகளின் அந்தக் காட்சியைத் தொடரின் தொடக்க ஆண்டுகளிலேயே எடுத்துப் பூட்டி வைத்திருந்தார்கள். மாற்ற வழியில்லாமல் போனது. கதைப்படி தாய் இறந்தது 2024-இல், தந்தை கதை சொல்வது 2030-இல். பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டுகள் ஆறியிருக்கின்றன. எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி எபிசோடு என்பதால் அடுத்த வாரமும் கிடையாது. டிவிடியில் இன்னொரு முடிவு இருக்கிறது. பார்ப்பவர்கள் அதையே பார்க்கலாம்.

'ஸ்க்ரப்ஸ்' நர்ஸ் லவெர்னைக் கொன்றுவிட்டு, தொடர் நீட்டிக்கப்பட்டதும் அதே அலோமா ரைட்டை வேறொரு நர்ஸாகக் கூட்டிவந்தது, கதாநாயகன் ஜே.டி. மட்டும் அவளை 'லவெர்ன் மறுபடியும்' என்று அழைத்துக் குழம்புகிறான். வெட்கமில்லாத தந்திரம், ஆனால் அதையே நகைச்சுவையாக்கிவிட்ட நேர்மைக்காக மன்னித்துவிட்டேன். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் ஆசிரியை எட்னாவுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013 அக்டோபரில் மறைந்ததும், அடுத்து வந்த எபிசோடின் தொடக்கத்தில் பார்ட் கரும்பலகையில் எழுதும் வாசகம், வழக்கத்துக்கு மாறாக, ஒரே முறை எழுதிய அஞ்சலியாக இருந்தது. 'தி கானர்ஸ்' வேறு வகை: 2018 மே மாதம் நடிகை ரோஸன் பாரின் இனவெறி ட்வீட்டால் பழைய தொடரான 'ரோஸன்' ரத்தாகி, அக்டோபரில் அவர் இல்லாமல் மீண்டும் வந்தபோது, அவருடைய பாத்திரமான ரோஸன் வலிநிவாரணி மாத்திரைகள் மிகுந்து இறந்திருந்தாள். முழங்கால் வலிக்கு அவள் மாத்திரைகளை ஒளித்து வைத்திருந்ததை முந்தைய சீசனிலேயே காட்டியிருந்ததால், இது பழிவாங்கலாகத் தோன்றாமல் நடந்திருக்கக்கூடிய ஒன்றாகவே தோன்றியது. ஏழாவது சீசனின் முடிவில் குடும்பம் அவளுடைய கல்லறைக்குப் போகும்வரை அந்த மரணத்தைத் தொடர் கைவிடவும் இல்லை.

என் அளவுகோலில் முதலிடம் 'சியர்ஸ்' தொடருக்கு. அதில் மரண எபிசோடே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பாஸ்டன் மதுக்கூடம் ஒன்றில் சாம் மலோனோடு பணியாற்றும் வெள்ளந்தியான முதியவர் கோச்சாக நடித்த நிக்கலஸ் கொலசாந்தோ, மூன்றாவது சீசன் நடந்துகொண்டிருந்த 1985 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார். நான்காவது சீசனின் முதல் எபிசோடில் வுடி என்ற கிராமத்து இளைஞன் கோச்சைத் தேடி வருகிறான். கோச் இறந்துவிட்டதைச் சாம் சொல்கிறான். தானும் கோச்சும் பேனா நண்பர்கள் என்கிறான் வுடி. கடிதம் எழுதிக்கொள்வீர்களா என்று கேட்டால், இல்லை, பேனாக்களை அனுப்பிக்கொள்வோம் என்கிறான். அந்த ஒரு பதிலில், கோச்சைப் போலவே யோசிக்கும் இன்னொருவன் வந்துவிட்டான் என்பதும், கோச் நிஜமாகவே போய்விட்டார் என்பதும் ஒன்றாகத் தெரிந்துவிடுகின்றன. அழுகைக் காட்சி இல்லை, இசை இல்லை, வுடிக்கு வேலை கிடைக்கிறது.

உடல்நலம் குன்றியதால் கொலசாந்தோவுக்கு வசனங்கள் மனதில் நிற்காமல், தளத்தின் பல இடங்களில் அவற்றை எழுதி வைத்துக்கொள்வார். நண்பர் ஒருவரின் மரணத்தைப் பற்றிய எபிசோடுக்காக, அவர் இன்னும் நம்மோடு இருப்பதுபோல் இருக்கிறது என்ற பொருளில் வந்த வரியை ஒரு மரச்சட்டத்தில் எழுதியிருந்தார். அவர் மறைந்த பிறகு, தளத்துக்குள் நுழையும்போதெல்லாம் மற்ற நடிகர்கள் அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள் என்று சாமாக நடித்த டெட் டான்சன் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு முறை வண்ணம் பூசியபோது அந்த எழுத்து மறைந்துபோனது.

மறையாத ஒன்றும் இருந்தது. கொலசாந்தோ தன் ஒப்பனை அறையில் மாட்டியிருந்த, அப்பாச்சி பழங்குடி வீரர் ஜெரோனிமோவின் படத்தை எடுத்து வந்து மதுக்கூடச் சுவரில் மாட்டினார்கள். அதன் பிறகு எட்டு ஆண்டுகள், எத்தனையோ எபிசோடுகளில், வாடிக்கையாளர்களின் தலைகளுக்குப் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது. 1993 மே 20, கடைசி எபிசோடு. எல்லோரும் போய்விட்டார்கள், கூடம் மூடியாகிவிட்டது. பின்வாசலை நோக்கி நடக்கும் சாம் ஒரு கணம் நின்று, சற்றே சாய்ந்திருந்த அந்தப் படத்தை நேராக்கி வைக்கிறான். யாருடைய படம் என்று தொடர் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.